ஊருக்குப் போனவர்கள்

எங்கள் வலியசாலைத் தெருவில் வாசலில் ‘டாக்டர்’ என்று பலகை தொங்குகிற வீடு ஒன்றே ஒன்றுதான். அந்த டாக்டரிடம் போய் நாக்கை நீட்டிப் பிரயோஜனமில்லை. இது தெரியாமல் வாரத்துக்கு ஒருவராவது வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியேறுவார்கள். சீதாலக்ஷ்மி கதவைத் திறந்து, “நான் அந்த டாக்டர் இல்லை, மாமா. நேக்குத் தலைவலின்னா நானே வேற டாக்டர்கிட்டதான் போவேன்” என்பாள். வந்தவர் நம்பமாட்டார். மருந்து தர மனசில்லாமல் சொல்கிறாள் என்று முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் போவார்.

நான் சாம்பசிவன், பக்கத்து வீடு. குடிநீர் அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருஷம் ஃபைல் சுமந்து ஓய்வு பெற்றவன். பேப்பர் வாங்கும் செலவை மிச்சம் பிடிக்க, தினமும் காலையில் அவள் வீட்டுக் கூடத்தில்தான் பேப்பர் படிப்பேன். கூடவே ஒரு காபியும் வரும். அப்படிப் பல வருஷம் உட்கார்ந்தும் அவள் உத்தியோகம் எனக்கு முழுசாகப் பிடிபட்டதில்லை. பொதுச் சுகாதாரம் சொல்லிக்கொடுக்கிற ஒரு நிறுவனத்தில் உயிர்ப்புள்ளியியல் பேராசிரியை. சேர்ந்து முப்பத்தொரு வருஷம் ஆகிறது, வருகிற மார்ச்சில் ஓய்வு. அவளுடைய அப்பா பாங்க் பரீட்சை எழுது என்று தலைபாடாக அடித்துக்கொண்டார். கேட்கவில்லை.

“என்ன வேலைதான் பண்றே நீ?” என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

“யாருக்கு என்ன வியாதி வர்றது, எத்தனை பேருக்கு வர்றது, மருந்து கொடுத்துக் குறையறதா, தானே குறையறதா, இதை எண்ணிப் பாத்துச் சொல்றதாக்கும் வேலை. அண்ணாவுக்கு இதுக்குமேல என்ன தெரியணும்?”

ஒன்று மட்டும் எனக்குத் தெரியும். அவள் எதையும் அடித்துச் சொல்லமாட்டாள். மழை வருமா என்று கேட்டால், “வரலாம், நூத்துக்கு அறுபது” என்பாள். அவள் கணவர் கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மகள் மாளவிகா, “அப்பா பிழைப்பாரா அம்மா?” என்று கேட்டாள். அதற்கும் ஒரு சதவீதம்தான் வந்தது. பெண் அதை இன்னும் மறக்கவில்லை என்று நினைக்கிறேன்.

ஐப்பசி மழை இடியும் மின்னலுமாகக் கொட்டிக்கொண்டிருந்த ஒரு திங்கட்கிழமை அது. பேச்சி ஆறரைக்கு வந்தாள். சீதா வீட்டில் பாத்திரம் தேய்த்து, வாசல் தெளித்து, அப்புறம் பழவங்காடியில் ஒரு ஹோட்டலுக்குக் காய் நறுக்கப் போகிறவள். கடையம் பக்கம் ஊர். ஒரே மகள் கலைச்செல்வியைப் பொன்முடி வழியில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கட்டிக்கொடுத்திருந்தாள். மருமகன் செல்வகணேஷ் அங்கே கொழுந்து மூட்டை ஏற்றுகிறான், மகள் கொழுந்து பறிக்கிறாள்.

அன்றைக்குப் பேச்சி துடைப்பத்தை எடுக்கவில்லை.

“அம்மா, எனக்கு ரெண்டு நாள் லீவு வேணும். கலைக்கு அஞ்சு நாளாப் பனி. இப்பம் கண்ணெல்லாம் மஞ்சளாட்டு இருக்காம். காமாலைதான். மருமவன் இன்னைக்கு ஊருக்குக் கூட்டிட்டுப் போறாவ. செவ்வாக்கெழம வெள்ளனே வெறும் வயித்துல பச்சில குடுப்பாவ. அதக் குடிச்சிட்டு உப்பில்லாம கஞ்சி குடிச்சா மூணு வாரத்துல சரியாப் போவும்.”

பனி என்றால் இந்த ஊரில் காய்ச்சல். பேச்சி இங்கே வந்து இருபது வருஷத்தில் அப்படித்தான் சொல்லப் பழகிவிட்டாள்.

சீதா காபி டம்ளரைக் கீழே வைத்தாள். “கெண்டைக்கால் வலிக்கறதுன்னாளா?”

“அடியம்மா, ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்? காலத் தொடவிட மாட்டேங்காளாம்.”

“ஒண்ணுக்குப் போறாளா?”

“அதக் கேக்கலியேம்மா.”

“பேச்சி, இது காமாலை இல்லை. எலிப்பனியா இருக்கலாம். எலி மூத்திரம் கலந்த தண்ணி, கால் வெடிப்பு வழியா உள்ள போயிடும். கிட்னியைப் பிடிச்சுடும். பச்சிலைக்கெல்லாம் கேக்காது.” அடுத்ததைக் கேட்கும்போது அவள் குரல் இறங்கிப் போயிற்று. “லயத்துல வேற யாருக்காவது இப்படிக் கண்ணு மஞ்சளாகி இருக்கா? முன்னாடி?”

லயம் என்பது எஸ்டேட் தொழிலாளிகள் குடியிருக்கும் வரிசை வீடுகள்.

“வருசா வருசம் மழைக்கு நாலஞ்சு பேருக்கு உள்ளதுதான்.”

“ரெண்டு வருஷம் முன்னாடி ஆராய்ச்சிக்குன்னு அங்க வீடு வீடா வந்து கேட்டோமே! யாருமே சொல்லலியே!”

“நீங்க அங்க இருக்கவியகிட்டதான கேட்டிய? காமாலைக்காரவிய அங்க எப்பிடி இருப்பாவ? கண்ணு மஞ்சளானா அன்னைக்கே ஊருக்குக் கெளம்பிருவாவல்லா. வெளிய சொன்னா ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போயி ஊசி போட்ருவாவ. ஊசி போட்டா காமாலை தலைக்கேறிருமே.”

சீதா எழுந்து உள்ளே போனாள். லேப்டாப்பைத் திறந்து நின்றபடியே எதையோ பார்த்தாள். திரும்பி வந்தபோது முகத்தில் ரத்தமில்லை. எனக்கு அவளை நாற்பது வருஷமாகத் தெரியும். அவள் பயந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

“அண்ணா, காரை எடுங்கோ. பொன்முடிக்குப் போகணும்.”

“இந்த மழையிலயா? இருபத்திரண்டு வளைவு சீதா அது!”

“எடுங்கோ அண்ணா.”

என் கார் பதினெட்டு வயசுப் பழசு. சாலைக் கடைத்தெருவுக்கும் கோயிலுக்கும் போய்வரத்தான் அது. கொண்டை ஊசி வளைவில் நான் அதை ஓட்டியதே இல்லை. இருந்தும் எடுத்தேன். பின் ஸீட்டில் பேச்சி மருமகனுக்கு மேலும் மேலும் போன் போட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவையும் ஒரு பெண் குரல் மலையாளத்தில், ஸ்விட்ச் ஆஃப் என்று சொல்லிற்று.

பேரூர்க்கடை தாண்டியதும் சீதா பேச ஆரம்பித்தாள். என்னிடம் சொன்னாளா, தனக்கே சொல்லிக்கொண்டாளா தெரியாது.

“ஆறு லயம், அண்ணா. ரெண்டு வருஷம் முன்னாடி மழைக்கு மூணுல எலிப்பனி வராம இருக்க வாராவாரம் மாத்திரை கொடுத்தோம், மூணுல கொடுக்கல. மழை முடிஞ்சு எண்ணினா, மாத்திரை சாப்பிட்டவாள்ல மூணு பேருக்கு எலிப்பனி. சாப்பிடாதவாள்ல நாலு பேருக்கு. பெரிய வித்யாசம் இல்லை, எல்லாருக்கும் மாத்திரை வேண்டாம்னு ரிப்போர்ட் எழுதினேன். இந்த வருஷம் மழைக்கு எல்லா லயத்துலயும் கொடுக்கறதா இருந்ததை நிறுத்திட்டா. கலை இருக்கற லயத்துலயும்.”

“எண்ணினது தப்பா?”

“எண்ணினது சரி. நடுவுல எஸ்டேட்டை விட்டு ஊருக்குப் போனவா பதினாலு பேர். ஃபாரத்துல அவாளுக்கு நாலுன்னு ஒரு நம்பர். ‘ஊருக்குப் போனவர்’னு அர்த்தம். போனவாளும் இருக்கறவா மாதிரியேதான் இருப்பான்னு எடுத்துண்டு, போன தேதியோட அவாளைக் கணக்குலேர்ந்து இறக்கிடுவோம். லோகம் பூரா அப்படித்தான் செய்யறா. நானே வருஷா வருஷம் பசங்களுக்குப் போர்டுல எழுதிச் சொல்லிக்கொடுத்திருக்கேன்.”

“அதுல என்ன?”

“இப்பத் திறந்து பாத்தேன். பதினாலுல பதினொண்ணு, மாத்திரை கொடுக்காத லயம்.”

ஃபைல்காரனுக்கு இது விளங்க நெடுமங்காடு வரைக்கும் ஆயிற்று. மாத்திரை கிடைக்காமல் நோய் கண்டவர்கள்தான் ஊருக்குப் போய்க் கணக்கிலிருந்து நழுவியிருக்கிறார்கள், அதனால்தான் மாத்திரை பயனில்லாதது போல் தெரிந்திருக்கிறது. பின்னால் பேச்சிக்கு எவ்வளவு புரிந்ததோ. “ஏ முத்தாரம்மா, எம்புள்ளயக் காப்பாத்து” என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

விதுரையில் மழை சற்று விட்டது. கல்லாறு செக்போஸ்டில் காவலாளி, “மேலே மண்ணிடிஞ்ஞு கிடக்குந்நு, சூக்ஷிச்சு போணம் சாரே” என்று சொல்லி அனுப்பினார். ஜாக்கிரதையாகப் போவதைத் தவிர வேறென்ன தெரியும் எனக்கு? முதல் கியரில் ஊர்ந்தேன். மூடுபனி கண்ணாடியில் வந்து ஒட்டியது. ரோட்டில் செம்மண் தண்ணீர் ஓடியது. வளைவுகளை எண்ணிக்கொண்டே போனேன். எட்டாவதோ ஒன்பதாவதோ, மேலேயிருந்து எஸ்டேட் ஜீப் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு இறங்கியது. பக்கமெல்லாம் தார்ப்பாய் கட்டி இறக்கியிருந்தார்கள். மலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் வழி. அது சட்டம். ஆனால் சட்டம் பேச எனக்குத் தைரியமில்லை. ரிவர்ஸ் எடுத்து, பின் சக்கரம் சாக்கடையில் உரச, ஒதுங்கி வழி விட்டேன். ஜீப் டிரைவர் கையைத் தூக்கி நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

லயத்தை அடைந்தபோது ஒன்பதே முக்கால். தகரக் கூரை போட்ட பத்து வீடுகள் ஒட்டி ஒட்டி நின்றன. முன்னால் சாக்கடை ரோட்டளவு நிறைந்து ஓடியது. அதைத் தாண்டாமல் எந்த வீட்டுக்குள்ளும் போக முடியாது. பெண்களெல்லாம் கொழுந்துக்குப் போயிருந்தார்கள். மூன்றாவது வீட்டில் பூட்டு தொங்கியது. பேச்சி பூட்டைப் பிடித்து ஆட்டினாள். பக்கத்துக் கதவு திறந்து, இடுப்பில் பிள்ளையோடு கௌசல்யா என்கிற பெண் எட்டிப் பார்த்தாள்.

“கலை வீடா? ஊருக்குப் போயிட்டாவளே.”

சீதா அந்த ஈரப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். “சத்தியதாஸ் இங்கதான் நின்னு கேட்டிருப்பான். அவனுக்கும் இதேதான் சொல்லியிருப்பா. அவனும் நாலுன்னு எழுதிண்டு அடுத்த வீட்டுக்குப் போயிருப்பான்.” சத்தியதாஸ் அவளுடைய கள ஊழியன்.

“எப்பம் போனாவ?” என்று பேச்சி கத்தினாள்.

“இப்பத்தான் மயினி. முக்கா மணிக்கூர் இருக்கும். எஸ்டேட் ஜீப்புலதான் போனாவ, மழைக்குத் தார்ப்பா கட்டி. வழியில பாக்கலியா?”

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. கை தூக்கிய அந்த டிரைவரின் முகம் எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. அப்போது நான் வழி விடாமல் நின்றிருந்தால் தார்ப்பாயை விலக்கியாவது பார்த்திருப்போம்.

“ஜீப்பு விதுரை வரைக்குந்தான்” என்றாள் பேச்சி. “அங்கேருந்து பாலோடு போயி தென்காசி பஸ் ஏறுவாவ. பதினொன்னரைக்கு ஒண்ணு உண்டு. அதுல ஏறிட்டா, அம்மா, பெறவு ஆரியங்காவு எல்லை தாண்டிருவாவ.”

அந்த இருபத்திரண்டு வளைவையும் எப்படி இறங்கினேன் என்று என்னைக் கேட்காதீர்கள். பிரேக் கருகுகிற வாசனை காருக்குள் வந்தது. ஒரு இடத்தில் சீதா, “அண்ணா, இன்னும் வேகமா” என்றாள். வாழ்நாளில் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. போனேன்.

பாலோடு போய்ச் சேரும்போது பதினொன்று இருபத்தைந்து. பஸ் ஸ்டாப் நிழற்குடையில் சிமெண்ட் பெஞ்சில் கலைச்செல்வி சுருண்டு கிடந்தாள். தலைமாட்டில் துணி மூட்டை, தூக்குவாளியில் உப்பில்லாத கஞ்சி. செல்வகணேஷ் ரோட்டில் இறங்கி பஸ்ஸை எதிர்பார்த்து நின்றான். பேச்சி கார் நிற்பதற்கு முன்பே கதவைத் திறந்துகொண்டு ஓடினாள்.

பெண்ணின் கண் மஞ்சளாக மட்டும் இல்லை, அதற்குள் ரத்தம் கட்டிச் சிவந்திருந்தது. சீதா மண்டியிட்டு அவள் கெண்டைக்காலை லேசாகத்தான் தொட்டாள். அவள் போட்ட சத்தத்தில் எதிர்க் கடைக்காரர் வெளியே வந்தார்.

“கடைசியா எப்போ ஒண்ணுக்குப் போனே அம்மா?”

“நேத்து... காலம்பற.”

“இவளை மெடிக்கல் காலேஜுக்குக் கொண்டுபோகணும். இப்பவே” என்றாள் சீதா.

செல்வகணேஷ் நடுவில் வந்து நின்றான். தூக்கமில்லாத கண்ணும் நனைந்த சட்டையுமாக இருந்தான். “அத்த, இவங்கள எதுக்குக் கூட்டிட்டு வந்திய? ஊசி போட்டா தலைக்கேறிரும். எங்க சித்தப்பா அப்பிடித்தான் போனாவ. நாளைக்கு விட்டா மருந்துக்கு வெள்ளிக்கெழம வர காத்துக் கெடக்கணும்.”

“ஏல, இது காமாலை இல்லையாம்ல!”

“யாரு சொன்னா?”

சீதா எழுந்தாள். சொல்ல ஆரம்பித்தாள். இந்த நோயில் கிட்னி பாதிக்கப்பட்டவர்களில் இத்தனை சதவீதம், சீக்கிரம் சிகிச்சை தொடங்கினால் இத்தனை... அவன் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டாள். வளைவில் தென்காசி பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

“டாக்டரம்மா” என்றான் அவன். இப்போது குரலில் சண்டை இல்லை, பயம் மட்டும்தான் இருந்தது. “எனக்குக் கணக்குத் தெரியாது. நீங்க டாக்டருதான? அடிச்சுச் சொல்லுங்க. ஒங்ககூட வந்தா இவ பொழைப்பாளா?”

நான் அந்த டாக்டர் இல்லை என்று சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். பஸ் வந்து நின்றது. கண்டக்டர் மணிக் கயிற்றைப் பிடித்தபடி எங்களையே பார்த்தார்.

“பிழைப்பா” என்றாள் சீதா.

செல்வகணேஷ் மூட்டையை எடுத்து என் காரில் வைத்தான்.

பின் ஸீட்டில் பேச்சியின் மடியில் பெண்ணின் தலை, மருமகனின் மடியில் கால். முன்னால் உட்கார்ந்த சீதா தன் வலது கையை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். நெடுமங்காடு வந்ததும் மெல்லக் கேட்டேன். “உனக்குத் தெரியுமா?”

“தெரியாது அண்ணா” என்றாள் என் காதோடு. “நேக்கு ஒண்ணுமே தெரியாது.”

அதன் பிறகு வந்த ஆறு நாளும் எங்களுக்கு ஆஸ்பத்திரி வராந்தாதான். எலிப்பனி என்று அன்றைக்கே உறுதியாயிற்று. மருந்து ஏற்றினார்கள். மூன்று தடவை டயாலிசிஸ் நடந்தது. ஒவ்வொரு தடவையும் செல்வகணேஷ் சீதாவின் முகத்தையே பார்ப்பான், அவள் தலையை ஆட்டுவாள். அவன் அந்தப் பக்கம் போனதும் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். இரண்டாம் நாளே இயக்குநரைப் போய்ப் பார்த்து, ரிப்போர்ட் தப்பு, மாத்திரையை உடனே கொடுக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தாள். அவர், “இன்னும் அஞ்சு மாசம்தானே மேடம், நிதானமாப் பார்க்கலாமே” என்றாராம். நகலை அவளே சுகாதாரத் துறைக்கு நேரில் கொண்டுபோனாள். மறுநாள் முதல் லயங்களில் மாத்திரை கொடுக்க ஆரம்பித்தார்கள்.

ஏழாம் நாள் மத்தியானம் சத்தியதாஸ் பழைய ஃபாரக் கட்டுகளை ஒரு பையில் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்கே வந்தான். பாறசாலைக்காரன், நல்ல பையன், அழுகிற நிலையில் இருந்தான்.

“மேடம், நான் பொய் எழுதல்ல கேட்டீங்களா. ஊருக்குப் போயாச்சுன்னுதான் சொன்னாங்க. எதுக்குப் போனாங்கன்னு எழுத அதுல எடமே இல்ல மேடம்.”

“தெரியும் சத்தியதாஸ். அந்த ஃபாரம் போட்டது நான்.”

அப்போதுதான் வார்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு பேச்சி ஓடிவந்தாள். முந்தானை தரையில் இழுபட்டது.

“அம்மா! மூத்திரம் போச்சும்மா! அரை லிட்டராம்! சிஸ்டர் அளந்து பாத்துச் சொன்னாவ! இனி பயமில்லன்னு பெரிய டாக்டர் சொல்லிட்டாரு!”

வராந்தா முழுக்கத் திரும்பிப் பார்த்தது. யாரும் சிரிக்கவில்லை. அந்த வராந்தாவில் அதைவிட நல்ல சேதி கிடையாது. சீதா பெஞ்சில் உட்கார்ந்து, முகத்தைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு அழுதாள். பேச்சி பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

சரி, முடிந்தது, வீட்டுக்குப் போய்க் குளிக்கலாம் என்று நான் எழுந்தேன். சீதா எழுந்திருக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, சத்தியதாஸின் பையிலிருந்து கட்டைப் பிரித்தாள். நாலு போட்ட பதினாலு ஃபாரங்களையும் தனியே எடுத்து வைத்தாள். ஒவ்வொன்றிலும் ஊர் விலாசமும் ஒரு போன் நம்பரும் இருந்தன.

“அண்ணா, செத்த இருங்கோ. நேக்குத் தனியா இதைச் செய்யப் பயமா இருக்கு.”

முதல் ஃபாரம், பிச்சைக்கனி, வயது நாற்பத்தொன்று, ஐந்தாம் லயம். மாத்திரை கொடுக்காத லயம். சீதா நம்பரை அழுத்தி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி போனை மடியில் வைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கக்கூடாது என்று நான் வேண்டிக்கொண்டேன். ஒரு பெண் எடுத்தாள்.

“யாரு பேசுதது?”

சீதா போனைப் பேச்சி பக்கம் நகர்த்தினாள். பேச்சிதான் குனிந்து, “பொன்முடி எஸ்டேட்லேருந்தும்மா. பிச்சைக்கனி அண்ணாச்சி இருக்காவளா?” என்றாள்.



“எஸ்டேட்லேருந்தா? இப்பந்தான் கேக்கத் தோணிச்சாக்கும்? அவுக போயி ரெண்டு வருசம் ஆவப்போவுது.”

பேச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சீதா போனைக் கையில் எடுத்தாள்.

“அம்மா, நான் டாக்டர் சீதாலக்ஷ்மி பேசறேன்.”

“எந்த டாக்டரு?”

“உங்க ஆத்துக்காரரை எண்ணாம விட்ட டாக்டர்.” அவள் பேனாவைத் திறந்தாள். மூடி கீழே விழுந்து உருண்டது. “அவருக்கு என்ன ஆச்சுன்னு சொல்லுங்கோ. மொதல்லேர்ந்து சொல்லுங்கோ.”

அந்தப் பக்கம் மழை பெய்கிற சத்தம் கேட்டது. யாரையோ அடுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அந்தப் பெண் மறுபடி போனுக்கு வந்தாள்.

“சொல்லுதேன். எழுதிக்கிடுங்க.”